ஒப்புதல் அளித்தவர்

2 ஜூன், திங்கள்

சின்ன முதலாளி பிரணவ் காலையில் கூப்பிட்டு, மூன்று மாத வேலையை மூன்று வாரத்தில் முடிக்கச் சொன்னார். அமெரிக்காவில் இரண்டு வருடம் படித்துவிட்டு வந்தவர். அங்கே என்ன படித்தாரோ, நாள்காட்டி பார்க்கப் படிக்கவில்லை.

வேலை இதுதான். எங்கள் பம்பு கம்பெனியில் மெயிலுக்கு ஒரு பாஸ்வேர்ட், வரைபட மென்பொருளுக்கு ஒன்று, ஆர்டருக்கு ஒன்று, லீவுக்கு ஒன்று. இனி எல்லாவற்றுக்கும் ஒரே லாகின். காலையில் மெயிலைத் திறந்தால் மற்ற கதவுகளும் தாமாகத் திறக்கும். ஆனால் ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு மின்னஞ்சல். அவரவர் கைபேசிக்கு வரும் எண்ணை அவரவரே போட வேண்டும். அடுத்தவர் பெயரில் யாரும் உள்ளே நுழைய முடியாது.

எனக்குச் சிரிப்பு வந்தது. கோயமுத்தூர் கணபதியில் இருக்கும் இந்தக் கம்பெனியில் நூற்று முப்பது பேர் கணினியைத் தொடுகிறார்கள். தன் சொந்தப் பெயரில் உள்ளே போகிறவர்கள் பத்துப் பேர் தேறினால் அதிகம். பதினெட்டு வருடமாக இந்த மந்தைக்குக் கணினி பார்க்கிறவன் நான்.

4 ஜூன், புதன்

யார் எந்தப் பெயரில் உள்ளே போகிறார்கள் என்று கணக்கெடுக்கப் போனேன். போனது என் தப்பு.

ஸ்டோர்ஸில் ஐந்து பேரும் செல்லப்பன் பெயரில் போகிறார்கள். செல்லப்பன் ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. ஊரில் தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருக்கும் மனிதர் இங்கே தினமும் பேரிங் வழங்கிக்கொண்டிருக்கிறார். கணக்குப் பிரிவில் பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி லட்சுமி படத்தின் பின்னால் சொருகி வைத்திருக்கிறார்கள். கேட்டால், "சாமி படத்துல யாருங்க சார் கை வெப்பாங்க?" என்கிறார்கள். கேட் வேலுச்சாமியின் பாஸ்வேர்ட் அவர் வண்டி எண். வண்டி கேட்டுக்கு முன்னால்தான் நிற்கிறது.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

வீட்டில் போர் மோட்டார் ஓடவில்லை. பம்பு கம்பெனிக்காரன் வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று என் மனைவி சரளா பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படியாகச் சொன்னாள்.

6 ஜூன், வெள்ளி

டிசைன் பிரிவு. அதை ஒரு பிரிவு என்று சொல்வது பெரிய மனது. என் அறைக்கும் அதற்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு மட்டும்தான், அதனால் ஒன்றும் எனக்குப் புதிதில்லை.

தலைவர் ராஜமாணிக்கம், வயது ஐம்பத்தெட்டு. கம்பெனியில் ஒரு வரைபடம் வேலைக்குப் போக வேண்டுமானால் அவருடைய ஒப்புதல் வேண்டும். படத்தின் மூலையில் 'ஒப்புதல் அளித்தவர்: ராஜமாணிக்கம்' என்று விழுந்த பிறகுதான் கடைசல் மிஷின் ஓடும். அந்த ஒப்புதலை அவர் கொடுப்பதில்லை. அம்சவேணி கொடுக்கிறாள். டிப்ளமோ படித்த வரைவாளர், சம்பளப் பட்டியலில் கடைசிக்கு முந்தின வரி. அவர் பாஸ்வேர்டைப் போட்டு அவள் உள்ளே போவாள், படத்தைச் சரிபார்ப்பாள், தப்பைத் திருத்துவாள், அவர் பெயரில் ஒப்புதல் கொடுப்பாள். அவர் அந்த நேரத்தில் செய்தித்தாள் படிப்பார். ஒன்பது வருடமாக இதுதான் நடைமுறை.

2016-இல் அந்தக் கணக்கைத் திறந்தவன் நான். மின்னஞ்சல் கேட்டபோது, "மெயிலெல்லாம் எவன் பாக்கறான், அம்சவேணி மெயிலப் போட்டுரு கனகு" என்றார். போட்டேன். கனகசபை என்ற என் பெயரைச் சுருக்க அவரைத் தவிர யாருக்கும் துணிச்சல் கிடையாது.

அவளைப் பற்றியும் எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஒன்பது வருடம் அடுத்தவன் பெயரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டு "சரிங்க சார்" என்று நிற்பவளை எதில் சேர்ப்பது?

9 ஜூன், திங்கள்

கர்நாடகத்துக் குடிநீர்த் திட்டம் ஒன்றுக்கு அனுப்பிய அறுபது பம்புகளில் சுழலும் தண்டான ஷாஃப்ட் உடைகிறதாம். முப்பத்தைந்து மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டியது முப்பத்திரண்டாக இருக்கிறது. பிப்ரவரி ஏழாம் தேதி ஒப்புதல் ஆன படம். யாரோ அதன் பழைய பதிப்புத் தாளைத் திறந்து அதற்கு ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள்.

பிரணவ் விசாரணை போட்டிருக்கிறார். பொறுப்பானவர் வேலையை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். ராஜமாணிக்கம் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

12 ஜூன், வியாழன்

ராஜமாணிக்கம் என் அறைக்கு வந்தார். பதினெட்டு வருடத்தில் நாலாவது தடவை.

"கனகு, எனக்கு ஒரு லெட்டர் வேணும். என்ற பாஸ்வேர்டு அந்தப் புள்ளைக்குத் தெரியும்னு சிஸ்டம் சைடுல இருந்து நீ எழுதிக் குடுத்தா போதும்."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானுங்களே சார்."

"தெரிஞ்சது வேற. லெட்டர் வேற."

எழுதிக் கொடுத்தேன். ராஜமாணிக்கத்தின் பாஸ்வேர்ட் அம்சவேணிக்குத் தெரியும் என்று ஒரே வரி. ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அதை வைத்து அவர் என்ன செய்கிறார் என்பது என் வேலையில் சேராது. 2017-இல் அவர் எனக்குச் செய்ததை நான் மறக்கவில்லை. அதை இங்கே எழுத வேண்டியதும் இல்லை.

13 ஜூன், வெள்ளி

'அட்மின்' என்ற பொதுக் கணக்கை மூடிவிட்டேன். இனி கணினியில் நான் எதைத் தொட்டாலும் என் பெயரில்தான் தொட வேண்டும். ஊருக்கு உபதேசம் செய்கிறவன் தானும் செய்து காட்ட வேண்டும் என்று பிரணவிடம் சொன்னேன். "குட்" என்றார். அவ்வளவுதான் அவருடைய சொல்வளம்.

அம்சவேணிக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் போய்விட்டது. அனுமதி இல்லாமல் தலைவரின் கணக்கில் நுழைந்து தவறான படத்துக்கு ஒப்புதல் அளித்ததாக. இருபத்தாறாம் தேதி விசாரணை. வேலை போய்விடும் என்று கேன்டீனில் பேசிக்கொண்டே வடை தின்கிறார்கள். ஒன்பது வருடம் அவள் திருத்திய படத்தை வைத்துக் கடைசல் பிடித்தவர்கள். ஒருவனும் வாய் திறக்கவில்லை. கோழைப் பயல்கள்.

16 ஜூன், திங்கள்

பழைய பதிவுகளைப் புது இடத்துக்கு மாற்றும்போது பிப்ரவரி ஏழு கண்ணில் பட்டது. தேடவில்லை, பட்டது.

அந்தப் படத்துக்கு ஒப்புதல் கொடுத்தது காலை 11:42-க்கு. எந்தக் கணினியில் இருந்து என்று பதிவில் இருக்கிறது. ராஜமாணிக்கத்தின் சொந்த அறைக் கணினி. லீவு மென்பொருளையும் பார்த்தேன். அன்றைக்கு அம்சவேணி விடுப்பு, இளைய மகளுக்கு வெள்ளகோவில் பக்கம் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. எனக்கும் பத்திரிகை வைத்தாள். நான் இதற்கெல்லாம் போகிறவன் இல்லை.

ஆக, அந்த மகானுபாவர் ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு முறை தானாகப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். அதுவும் தப்பான தாளில்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால் சொல்வேன்.

17 ஜூன், செவ்வாய்

மோட்டார் ஓடுகிறது. கெபாசிட்டர் போயிருந்தது. இதைக் கண்டுபிடிக்க அந்த மெக்கானிக்குக்குப் பதிமூன்று நாள்.

20 ஜூன், வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை மாற்றம். புது லாகின் வரைபடக் கணக்குகளை அடையாளம் காண்பது மின்னஞ்சலை வைத்துத்தான். பழைய கணக்கில் இருக்கும் மின்னஞ்சலும் புதுப் பட்டியலில் இருக்கும் மின்னஞ்சலும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் இதுவரை நடந்தது எல்லாம் புதுப் பட்டியலில் உள்ள ஆளின் பெயருக்கு மாறிவிடும். அதனால் பட்டியலில் ஒரு பிசகும் இருக்கக் கூடாது.

மூன்று முறை வரி வரியாகச் சரிபார்த்தேன். நாற்பத்தேழாவது வரியில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மேலே போனேன்.

22 ஜூன், ஞாயிறு

காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்தேன். நூற்று முப்பது பேர், நாலு மென்பொருள், ஒரே லாகின். வேறு எவனாவது செய்திருந்தால் மாலை போட்டு ஊர்வலம் விட்டிருப்பார்கள். கேட் வேலுச்சாமி மட்டும் "டீ சாப்புடுறீங்களா சார்" என்றார்.

23 ஜூன், திங்கள்

எட்டரை மணிக்குள் எல்லோர் கைபேசியும் கிணுகிணுக்க ஆரம்பித்துவிட்டது. எண் வருகிறது, எங்கே போடுவது என்று நாற்பது பேர் கேட்டார்கள். போடச் சொல்லும் கட்டம் திரையின் நடுவில் இருக்கிறது.

ஒன்பது மணிக்குக் கடைசல் பிரிவில் சத்தம். அங்கே இருக்கும் திரையில் எந்தப் படத்தைத் திறந்தாலும் மூலையில் 'ஒப்புதல் அளித்தவர்: அம்சவேணி கா.' என்று இருக்கிறதாம். ஒரு படம், இரண்டு படம் இல்லை. 2016-இலிருந்து நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு படங்கள். ராஜமாணிக்கம் தன் சொந்த மின்னஞ்சலில் உள்ளே போனார். அவர் பெயருக்கு நேராக வெறும் பூஜ்யம்.

"என்ற பேரு எங்கய்யா போச்சு?" என்று என் மேசையைத் தட்டினார். அந்தப் பக்கம் அம்சவேணி கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தபடி எழுந்து நின்றாள்.

"மெயில் அவங்களுதுங்க சார். மெயில் யாருதோ படம் அவங்களுது."

எனக்கு எப்படித் தெரியும்? ஒன்பது வருடத்துக்கு முந்தின மின்னஞ்சல், நூற்று முப்பது வரிகள். யானைக்கும் அடி சறுக்கும்.

மாலையில் அவர் மறுபடி என் அறையைக் கடந்து போனார். விசில் அடித்துக்கொண்டு போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டில் பிப்ரவரி ஏழாம் தேதிப் படமும் ஒன்று. இப்போது அதன் மூலையிலும் அவள் பெயர்.

24 ஜூன், செவ்வாய்

ஒன்பது மணிக்கு அம்சவேணி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், நாலாயிரத்தையும் அவருக்கே எழுதீருங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. அந்த ஷாஃப்ட் படத்த மட்டும் எம்பேர்ல இருந்து எடுத்துருங்க. அன்னிக்கு நான் ஊர்லயே இல்லீங்க."

"விசாரணைல சொல்லுங்க."

"இப்பவே ஆபீஸ்ல சொல்லிப் பாத்தனுங்க. சிஸ்டமே உம்பேரச் சொல்லுதேங்கறாங்க. வேலை போச்சுன்னா பாப்பாவ அடுத்த வருசம் எந்த ஸ்கூல்லீங்க சேக்கறது?"

பார்க்கலாம் என்றேன். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. செய்யாத ஒன்றைக் கை கழுவுவதற்கு, செய்த நாலாயிரத்தைத் தட்டில் வைத்து நீட்டுகிறாள். பேரம் பேசக்கூடத் தெரியாத ஜன்மம்.

பத்து மணிக்கு ராஜமாணிக்கம் வந்து கதவைச் சாத்தினார்.

"நாலாயிரத்து நூத்திப் பதினொண்ணு என்ற பேருக்கு வந்துரோணும். அந்த ஒண்ணத் தொடாத. அது அவ பேர்லயே கெடக்கட்டும்."

"சார், அது..."

"2017-ல பெரிய மொதலாளிகிட்ட நான் ஒரு வார்த்தை சொன்னேன். ஞாபகம் இருக்குதா கனகு?"

இருக்கிறது. எல்லாப் படங்களையும் மொத்தமாகத் தேர்வு செய்து, ஒன்றில் மட்டும் டிக்கை எடுத்தேன். அரை வினாடி வேலை. 10:17-க்கு மாற்றி முடித்தேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தக் கை பட்ட இடம் எனக்கு அருவருப்பாக இருந்தது.

போன பிறகு ஒரு படத்தைத் திறந்து பார்த்தேன். ஒப்புதல் அளித்தவர்: ராஜமாணிக்கம். அதற்குக் கீழே இதுவரை அங்கே இல்லாத ஒரு வரி. மாற்றம் செய்தவர்: கனகசபை, 24 ஜூன், 10:17. இன்னொன்றைத் திறந்தேன். அதே. இருபது படம் திறந்தேன். பொதுக் கணக்கு இருந்திருந்தால் 'அட்மின்' என்று விழுந்திருக்கும், அது யார் என்று எவனுக்கும் தெரியாது. அதை மூடியவன் நான்தான்.

25 ஜூன், புதன்

பல்வலி என்று லீவு போட்டேன். பல் வலிக்கவில்லை.

ராஜமாணிக்கத்தின் கணக்கில் அம்சவேணியின் மின்னஞ்சல் இருந்த நாற்பத்தேழாவது வரி எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையே தெரியும். திருத்தாமல் விட்டேன். நான் வாயைத் திறக்காமல் உண்மை தானாக வெளியே வந்து நிற்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும், என்னை மட்டும் யாரும் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். ஷாஃப்ட் படமும் கூடவே போகும் என்று யோசிக்கவில்லை. பெரிய புத்திசாலி.

2017-ஐயும் எழுதிவிடுகிறேன். சர்வரில் இடம் போதவில்லை என்று ஒரு தொகுப்பை அழித்தேன். இரண்டு மாத வரைபடங்கள். நகல் எடுக்காமல் அழித்தேன். கரண்ட் போய்ப் போய் வந்ததில் போய்விட்டது என்று ராஜமாணிக்கம் பெரிய முதலாளியிடம் சொன்னார். என் வேலை தப்பியது. அந்த அறுபத்தோரு படங்களையும் அம்சவேணி மறுபடி வரைந்தாள். அப்போது அவளுக்கு மூத்த பிள்ளை வயிற்றில், ஆறு மாதம். காலைத் தூக்கி ஒரு பெட்டிமேல் வைத்துக்கொண்டு வரைவாள். கரண்ட்காரனைத் திட்டிக்கொண்டே வரைவாள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

26 ஜூன், வியாழன்

விசாரணை பதினோரு மணிக்கு, பிரணவ் அறையில். ராஜமாணிக்கம், அம்சவேணி, நான்.

என் கடிதத்தைப் பிரணவ் படித்தார். அம்சவேணி ஒரு கவரைத் திறந்து போட்டோக்களை மேசையில் பரப்பினாள். காதுகுத்துப் படங்கள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, மாமன் மடியில் உட்கார்ந்து வாயைக் கோணி அழும் குழந்தை. ஒவ்வொன்றின் மூலையிலும் தேதி.

"பாருங்க சார், பிப்ரவரி ஏழு. இது நான். இதும் நான்."

"போன்ல அமுக்கறதுக்கு எத்தன நேரமாகும்?" என்று ராஜமாணிக்கம் சிரித்தார்.

"அங்க டவரே கெடைக்காதுங்க சார்" என்றாள். அதை நிரூபிக்க எந்தப் போட்டோவைக் காட்டுவது என்று தெரியாமல் மறுபடி அவற்றையே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இங்கே மென்பொருள் இருக்கிறது, பதிவு இருக்கிறது, பதினெட்டு வருட அனுபவம் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும் ஒருத்தி தன் குழந்தை அழுகிற படத்தைக் கொண்டுவந்து சாட்சி வைக்க வேண்டியிருந்தது.

பிரணவ் வரைபடத்தைப் பெரிய திரையில் போட்டார். அந்தப் பையனைக் குறைவாக எடை போட்டுவிட்டேன்.

"கனகசபை சார், திங்கக்கிழமை எல்லாம் இவங்க பேர்ல இருந்துச்சு. இன்னிக்கு ஒண்ணு தவிர எல்லாம் அவர் பேர்ல இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் கீழ உங்க பேர் இருக்கு. என்ன இது?"

"சர்வர் கோளாறுங்க தம்பி. கனகு சரி பண்ணிக் குடுத்தான்" என்றார் ராஜமாணிக்கம்.

"கோளாறா சார்?" என்று பிரணவ் என்னைக் கேட்டார்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போது அம்சவேணி என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. என்னிடமிருந்து அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் இந்தக் கம்பெனியில் எல்லோரையும் அப்படித்தான் பார்த்து வந்திருக்கிறேன். என்னை யாரும் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

"கோளாறு இல்லீங்க" என்றேன். "நான் மாத்துனேன். நாலாயிரத்து நூத்திப் பதினொண்ணும் இவங்க குடுத்த ஒப்புதல். அந்த ஷாஃப்ட் படம் மட்டும் இவங்க இல்ல. பதினொண்ணு நாப்பத்திரண்டுக்கு ராஜமாணிக்கம் சார் ரூம் கம்ப்யூட்டர்ல இருந்து போயிருக்கு. பதிவு எங்கிட்ட இருக்கு."

"இவன் யோக்கியன் மாதிரிப் பேசறான் பாருங்க. 2017-ல..."

"அதையும் சொல்லீர்றனுங்க சார்" என்று சொல்லி முடித்தேன். அறுபத்தோரு படம் என்று எண்ணிக்கையோடு சொன்னேன். அம்சவேணி அப்போதுதான் முதல் முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

பிரணவ் ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். அவள்தான் கேட்டாள்.

"இந்த 11:42 உங்களுக்கு எப்ப இருந்து தெரியுமுங்க சார்?"

"பதினாறாம் தேதி."

"இன்னிக்கு இருபத்தாறு."

போட்டோக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கவரில் போட்டாள். பிரணவ் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அதைக் கேட்டது போலத் தெரியவில்லை.

27 ஜூன், வெள்ளி

ராஜமாணிக்கம் ஓய்வு பெறும்வரை நீண்ட விடுப்பு. அம்சவேணி டிசைன் பிரிவின் பொறுப்பு. எனக்கு எச்சரிக்கைக் கடிதம், இரண்டு வருட ஊதிய உயர்வு நிறுத்தம். வேலையை விட்டு அனுப்பாததற்குக் காரணம், புது லாகினைப் பற்றித் தெரிந்த ஆள் வேறு இல்லை என்பதுதான். பிரணவ் அதை ஒளிக்காமல் சொன்னார்.

காலையில் எல்லாப் படங்களையும் சரியான பெயருக்கு மாற்றினேன். பழைய வரி அழியவில்லை. இப்போது ஷாஃப்ட் படம் தவிர ஒவ்வொன்றிலும் என் பெயர் இரண்டு முறை இருக்கிறது, பொய்க்கு ஒன்று, திருத்தியதற்கு ஒன்று.

கேன்டீனில் என்னைப் பெரிய தியாகி போலப் பேசுகிறார்கள். வடைக்கு வாய் திறக்கும் கும்பல். பத்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்கு இந்த மரியாதையா? அவர்களைக் கோழை என்று பதிமூன்றாம் தேதி எழுதியிருக்கிறேன். மூன்று நாள் கழித்து எனக்குத் தெரிந்தது அவர்களுக்குத் தெரியாது. அவர்களைவிடக் கேடு கெட்டவன் நான்தான்.

30 ஜூன், திங்கள்

அம்சவேணி கைபேசியை மாற்றியிருக்கிறாள். பழைய கைபேசிக்கு வந்துகொண்டிருந்த எண் புதியதற்கு வரவில்லை. லாகின் திறக்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்தே எனக்குப் புரிந்தது. நான் இரண்டு பொத்தானை அழுத்தினால் போதும், ஒரு நிமிடம்.

அவள் மென்பொருள் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். காத்திருக்கச் சொல்லும் பாட்டு ஓடியது. ஒப்புதலுக்காகக் கடைசல் பிரிவு ஆள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். "கனகசபை சாரு அங்கதானுங்க இருக்காரு" என்று என் பக்கம் கை காட்டினான்.

"பரவால்லீங்கண்ணா, இவங்க எடுப்பாங்க" என்றாள்.

நாற்பது நிமிடம் அந்தப் பாட்டு ஓடியது. நான் எழுந்து போகவில்லை. நாற்பது நிமிடமும் உட்கார்ந்து கேட்டேன்.